சூடானதும் நின்றுபோகும் எஃப்ஐ கப்சாய்: ஐட்லிங் ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 125 சிசி எஃப்ஐ கப்சாய், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள, கிளட்ச் பிடி இல்லாத சின்ன மோட்டார் சைக்கிள். வாங்கி மூன்றரை வருஷம். வீடு பட்டர்வொர்த், வேலை பாயான் லெப்பாஸ். தினமும் பினாங்குப் பாலம் ஏறி இறங்குகிறார். காலையில் ஒரே அமுக்கில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பாலம் தாண்டி முதல் டிராஃபிக் லைட்டில் நின்றால் ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டர் முறுக்கைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) மெல்ல மெல்ல இறங்குகிறது, ஒரு இருமல், அப்புறம் சத்தமே இல்லை. ஒரு கடையில் காட்டியிருக்கிறார். போமன் (மெக்கானிக்) இரண்டு நிமிஷத்தில் ஏதோ ஒரு ஸ்க்ரூவைத் திருகிவிட்டு "ஓகே லா" என்று அனுப்பிவிட்டார். இப்போது மோட்டார் நிற்பதில்லை. ஆனால் காலையில் கத்துகிறது. நியூட்ரலிலிருந்து ஒன்றாம் கியர் போட்டால் முன்னால் துள்ளுகிறது. "எந்த ஸ்க்ரூவை எத்தனை சுற்று குறைக்கணும் அண்ணே?" என்கிறார்.

சுற்றுக் கணக்கு சொல்ல மாட்டேன் தம்பி. சொன்னால் பழைய இடத்துக்கே போய் நிற்பீர்கள், அதாவது டிராஃபிக் லைட்டில் செத்துப்போகும் மோட்டாருக்கு. பிறை ஊர்ப் பக்கம் பல வருஷமாக மோட்டார் பிரித்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: எஃப்ஐ மோட்டாரில் ஐட்லிங் இறங்கினால் ஸ்க்ரூ தானாகச் சுழன்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கம்பெனியில் வைத்த இடத்திலேயே அது மூன்றரை வருஷமாக இருந்திருக்கும். வேறு ஏதோ மாறியிருக்கிறது. அந்த மாறிய பொருளைத் தேடாமல் ஸ்க்ரூவைத் திருகுவது, வீட்டுக் கூரை ஒழுகும்போது வாளியை நகர்த்தி வைப்பது மாதிரி.

கார்புரேட்டர் காலத்துப் பழக்கம்தான் இதற்குக் காரணம். பழைய ஈஎக்ஸ்5, கிரிஸ் எல்லாம் அப்படித்தான் ஓடின. ஒரு ஸ்க்ரூ ஸ்லைடைத் தூக்கும், இன்னொன்று காற்றையும் எண்ணெயையும் (பெட்ரோலைத்தான் சொல்கிறேன்) கலக்கும் அளவை மாற்றும். காது நல்ல காதாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றே போதும். எஃப்ஐயில் எண்ணெய் அளவு உங்கள் கையில் இல்லை, போமன் கையிலும் இல்லை. உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்பதை, காற்று இன்ஜினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்த சென்சாரும், முறுக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை த்ரோட்டில் சென்சாரும், இன்ஜின் சூட்டை இன்னொரு சென்சாரும் இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியுவுக்குச் சொல்கின்றன. அதை வைத்து, எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று ஈசியு முடிவு செய்கிறது. நீங்கள் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் மாறுவது காற்று மட்டும்தான்.

ஐட்லிங்கில் முறுக்கு முழுக்க மூடியிருக்கும். அப்புறம் காற்று எந்த வழியாகப் போகிறது? காற்று போகும் வழியான த்ரோட்டில் பாடிக்குள், முறுக்கினால் திறக்கும் பட்டர்ஃப்ளை தகடு ஒன்று உண்டு. அந்தத் தகட்டின் விளிம்புக்கும் த்ரோட்டில் பாடிச் சுவருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி ஒன்று. அதோடு, தகட்டைச் சுற்றிக்கொண்டு போகும் சின்ன பைபாஸ் துளை ஒன்று. அந்தத் துளையை எவ்வளவு திறப்பது என்பதில் மாடலுக்கு மாடல் வித்தியாசம். சிலவற்றில் ஈசியு ஆட்டிவைக்கும் ஒரு குட்டி மின்மோட்டார் வால்வு இருக்கும். ஹோண்டா கடைகளில் ஐஏசிவி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வேறு சிலவற்றில் கையால் திருப்பும் காற்று ஸ்க்ரூ ஒன்று, அதாவது நம் கடைகளில் "ஸ்குரு ஆஙின்" என்கிறோமே அது. குளிர்ந்த இன்ஜினுக்கு மட்டும் கூடுதல் காற்று விட, மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வும் பக்கத்தில் இருக்கும்.

உங்கள் மோட்டார் காலையில் நன்றாக இருந்து சூடானபின் சாவதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஈசியு பைபாஸைத் தாராளமாகத் திறந்து எண்ணெயையும் கூட்டிக் கொடுக்கும். அதனால் வழியில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் தெரியாது. சூடு ஏற ஏற அந்தச் சலுகையைக் குறைத்துக்கொண்டே வரும். கடைசியில் அந்த மயிரிழை இடைவெளியை நம்பித்தான் இன்ஜின் ஓட வேண்டும். அது கரியால் அடைந்திருந்தால் மூச்சு முட்டும். போமன் ஸ்க்ரூவைத் திருகிக் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்தார், சூட்டில் சரியாகிவிட்டது. ஆனால் காலையில் ஈசியு கொடுக்கும் கூடுதலும் அவர் கொடுத்த கூடுதலும் சேர்ந்துகொள்கின்றன. கத்தாமல் என்ன செய்யும்?

துள்ளலுக்கும் இதுவே காரணம். கப்சாயில் கிரேங்க் பக்கம், இன்ஜின் வேகம் ஏறினால் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் இருக்கிறது. ஐட்லிங்கில் அதன் ஷூக்கள் சுருங்கி, டிரம்மைத் தொடாமல் சுற்ற வேண்டும். ஐட்லிங் ஏறிவிட்டால் ஷூ லேசாக உரச ஆரம்பிக்கும். அந்த நிலையில் ஒன்றாம் கியர் போட்டால் "டக்" என்று இழுக்கும், பிரேக்கை விட்டால் மோட்டார் தானாக ஊர்ந்து போகும். நாள்பட ஷூவும் தேயும், கியர் பல்லும் அடிவாங்கும். இதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. த்ரோட்டில் பாடியில் தகடு எந்த இடத்தில் வந்து முட்டி நிற்க வேண்டும் என்று வைக்கும் ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ உண்டு. அதன் தலையில் பெயின்ட் பூசியோ மூடி போட்டோ அனுப்புவார்கள், தொடாதே என்பதற்கு அடையாளமாக. அதைத் திருகினால் த்ரோட்டில் சென்சார் சொல்லும் "மூடியிருக்கிறது" என்ற கணக்கே மாறிப்போகும். மூடிய நிலையில் சில நூறு மில்லிவோல்ட் காட்ட வேண்டிய சென்சார் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஈசியு, ஆள் முறுக்கைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும். அப்போது ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தும் வேலையையே அது செய்யாமல் விடலாம். முறுக்கை விட்டு இறக்கத்தில் போகும்போது எண்ணெயை நிறுத்தும் வேலையும் கெடலாம். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் வளைவுகளில் இறங்கிப் பாருங்கள். இன்ஜின் பிடித்து நிறுத்தும் பலம் குறைந்து, பிரேக்கிலேயே தொங்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் வேலை, போமன் திருகியது எந்த ஸ்க்ரூ என்று பார்ப்பது. டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் உடைந்து பளபளவென்று புது உலோகம் தெரிந்தால் ஸ்டாப் ஸ்க்ரூவைத்தான் தொட்டிருக்கிறார். அதைக் காதால் கேட்டுத் திரும்ப வைக்க முடியாது. சென்சார் வோல்ட்டைக் காட்டும் டயக்னோஸ்டிக் கருவி உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். "த்ரோட்டில் சென்சார் மூடிய நிலை அளவைப் பார்த்து வையுங்கள்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். வெறுமனே "ஐட்லிங் குறையுங்கள்" என்று சொன்னால் மறுபடியும் இரண்டு நிமிஷ வேலைதான் நடக்கும். பெயின்ட் உடையாமல் இருந்தால் நல்ல காலம், திருகியது காற்று ஸ்க்ரூவாகத்தான் இருக்கும், வீட்டிலேயே சமாளிக்கலாம்.

இப்போது ஐட்லிங் எவ்வளவு என்று தெரிய வேண்டும். சின்ன சிங்கிள் சிலிண்டர் மோட்டார்களில் பெரும்பாலும் 1400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) சுமார், நூறு கூடக் குறைய இருக்கும். உங்கள் மாடலுக்கு உரியதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கப்சாயில் ஆர்பிஎம் முள் கிடையாதே என்பீர்கள். ப்ளக் வயரில் சுற்றும் சின்ன டிஜிட்டல் மீட்டர் விற்கிறது. அதில் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்ற செட்டிங் வையுங்கள், ஏனென்றால் இந்த மோட்டார்களில் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ப்ளக் அடிக்கும். செட்டிங் மாறினால் பாதியோ இரண்டு மடங்கோ காட்டும். 700 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று ஒருவர் பதறிக்கொண்டு வந்த கதை உண்டு.

மீட்டர் வாங்க வேண்டாமா? போன் போதும். எக்ஸாஸ்ட் பின்னால் ஒரு முழம் தள்ளிப் போனை வைத்துச் சத்தத்தை ரெக்கார்ட் செய்யுங்கள். சத்தத்தின் அலையைக் காட்டும் ஏதாவது ஓர் ஆப்பில் திறந்து, மூன்று விநாடியில் எத்தனை மேடு இருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கு ஸ்ட்ரோக் சிங்கிள் சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். 1400 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேல், மூன்று விநாடிக்கு 35 மேடு. 2000 என்றால் மூன்று விநாடிக்கு 50. நீங்கள் சொல்லும் துள்ளலைப் பார்த்தால் 45க்குக் குறையாது என்று தோன்றுகிறது.

எண்ணுவதும் திருகுவதும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான். வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் உறுமவிட்டால் போதாது. பாலம் 13.5 கிலோமீட்டர், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டிவிட்டால் சூடு ஒரு நிலைக்கு வந்துவிடும். 2019 ஜனவரி முதல் மோட்டாருக்குப் பாலத்தில் டோல் இல்லை, நடுவில் நிற்கவும் வேண்டாம். அதற்கு முந்திய காலத்தில் டோல் வரிசையில் மழையில் நனைந்தபடி, செத்துப்போன கார்புரேட்டர் மோட்டாரை உதைத்துக்கொண்டு, பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டு நின்றவர்களில் நானும் ஒருவன். போகட்டும். அளக்கும்போது டபுள் ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள், லைட் எரியட்டும். 1992 முதல் இந்த நாட்டில் மோட்டாருக்குப் பகலிலும் லைட் எரிய வேண்டும் என்பது சட்டம். அந்த மின்சுமையோடுதான் ஐட்லிங் நிலையாக நிற்க வேண்டும். கதவு மூடிய போர்ச்சில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும்.

அளந்தாயிற்று. இனி அழுக்கு.

போன மாதம் இதே புகாரோடு வந்த ஒரு மோட்டாரின் த்ரோட்டில் பாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பித்தளை நிறத் தகடு, சுற்றிலும் விளிம்பில் கண்ணுக்கு மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு. விரல் நகத்தால் தொட்டால் வழவழவென்று ஒட்டியது. காய்ந்த கரி இல்லை, ஆயில் பசை கலந்த கரி. பைபாஸ் துளையில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. நனைத்த துணியால் அந்த மையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் தகட்டை மூடி விளக்குக்கு நேரே பிடித்தால், விளிம்பில் பிறை நிலா மாதிரி ஒரு மெல்லிய ஒளிக் கீற்று. ஐட்லிங்கின் உயிர் அந்தக் கீற்றில்தான் இருக்கிறது.

இந்தப் பசை எங்கிருந்து வருகிறது என்றால், இன்ஜின் வயிற்றிலிருந்து. பிஸ்டன் ஓரத்தில் கசியும் புகை ஆயில் ஆவியோடு பிரீதர் குழாய் வழியாக ஏர் பாக்ஸுக்குள் வரும். எல்லா மோட்டாரிலும் இது கொஞ்சம் நடக்கும். அதிகமாக நடப்பதற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு: மீஞாக் ஈத்தாம் (இன்ஜின் ஆயில்) பாட்டில் ஒரு லிட்டர், பல கப்சாய் இன்ஜின்கள் ஆயில் மாற்றும்போது குடிப்பது 0.7 அல்லது 0.8 லிட்டர். மீதியை வீணாக்குவானேன் என்று முழு பாட்டிலையும் ஊற்றிவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! கூடுதல் ஆயில் பிரீதர் வழியாகத்தான் வெளியேறும், நேராக த்ரோட்டில் பாடிக்கு. உங்கள் டிப்ஸ்டிக்கை இன்றே பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் காரணம் பாதி கிடைத்துவிட்டது.

சுத்தம் செய்ய த்ரோட்டில் பாடி கிளீனர் என்றே எழுதிய ஸ்பிரேயை வாங்குங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், அது கடுமை. ரப்பர் சீலையும், சில த்ரோட்டில் பாடிகளின் உள்பூச்சையும் அரித்துவிடும். ஸ்பிரேயை நேராக உள்ளே பீய்ச்சாமல் பஞ்சுத் துணியில் அடித்துத் துடையுங்கள். த்ரோட்டில் சென்சார் இருக்கும் பக்கம் ஈரம் போகக்கூடாது. ஐஏசிவி உள்ள மோட்டார் என்றால் அதைக் கழற்றும் முன் அதன் நிலையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சாவி ஆனில் இருக்கும்போது அதன் வயரை உருவாதீர்கள். திரும்பப் போட்டபின் முறுக்கைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகி ஐட்லிங் தானாக அமரும்வரை விடுங்கள். ஐஏசிவி மோட்டாரில் வேலை அங்கேயே முடிந்தது, அதில் உங்களுக்கென்று ஸ்க்ரூ கிடையாது.

சுத்தம் செய்தும் ஐட்லிங் ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் காற்று கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். த்ரோட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள மேனிஃபோல்டு ரப்பர், ஓ-ரிங் எல்லாம் இந்த வெயிலில் காய்ந்து வெடிக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சிலர் ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டே கிளீனர் ஸ்பிரே அடிக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கிற திரவம் தேவையா? பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். மூட்டுகளில் தண்ணீரைத் தெளிக்கும்போது ஐட்லிங் சட்டென்று மாறினால் கசிவு அங்கேதான்.

முறுக்கு கேபிளையும் பாருங்கள். பிடியில் கொஞ்சம் வெற்று ஆட்டம், 2 முதல் 6 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். ஹேண்டிலை இடதும் வலதும் முழுக்கத் திருப்பும்போது ஐட்லிங் ஏறினால் கேபிள் இறுக்கம். புதிதாகப் போன் ஹோல்டர் மாட்டியவர்களுக்கு இந்தக் கோளாறு அடிக்கடி வரும், கேபிளை எங்கோ மடித்துக் கட்டியிருப்பார்கள்.

பாலத்தில் தினமும் போகிறவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. அதோடு வாரம் ஒரு தடவை ஸ்னோ வாஷில் பிரஷர் தண்ணீர் வேறு. சென்சார் கனெக்டர்களைக் கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட மோட்டார் மெல்ல இறங்கிச் சாகாது, சுவிட்சை அணைத்ததுபோலப் பட்டென்று நிற்கும். உங்களுடையது இருமிச் சாகிறது, ஆகவே இது முதல் சந்தேகம் இல்லை. இருந்தாலும் கான்டாக்ட் கிளீனர் ஒரு அடி அடித்து வையுங்கள். பேட்டரி பழசாகிப்போனாலும் ஐட்லிங் தடுமாறும். நிறுத்தி வைத்த மோட்டாரில் 12.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் அதைக் கவனியுங்கள்.

மஞ்சள் இன்ஜின் விளக்கு மினுக்குகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஹோண்டாவாக இருந்தால் நீளமான மினுக்கு பத்து, குட்டி மினுக்கு ஒன்று என்று எண்ணுங்கள், அதுதான் கோளாறு நம்பர். இரண்டு நீளம், ஒன்பது குட்டி என்றால் 29, அது ஐஏசிவி. வெறும் எட்டு குட்டி என்றால் த்ரோட்டில் சென்சார். ஏழு என்றால் சூட்டு சென்சார். இது பொய் சொன்னால் ஈசியுவுக்கு இன்ஜின் குளிரா சூடா என்றே தெரியாது. யமஹாவில் 15, 16 இரண்டும் த்ரோட்டில் சென்சார் பக்கம். ஆனால் ஒன்று, அழுக்குக்கு எந்தக் கோளாறு நம்பரும் கிடையாது. விளக்கு எரியவில்லை, ஆகவே எஃப்ஐ நல்லாயிருக்கிறது என்று சொல்லும் போமனை நம்பாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, இன்னும் சூட்டில் மட்டும் இறங்கினால் வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. சீட் தேயத் தேய வால்வு மேலேறி இடைவெளி குறையும், சூட்டில் முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் கசியும். மூன்றரை வருஷமாகப் பாலம் ஓடிய மோட்டார், ஒரு தடவையாவது வால்வு பார்த்தார்களா? பெரும்பாலும் இருக்காது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்தபின் அளக்க வேண்டிய வேலை அது; காலையில் மோட்டாரைக் கடையில் விட்டுவிட்டு வேலைக்கு பஸ்ஸில் போங்கள். மோட்டார் வந்து நின்ற அடுத்த நிமிஷமே மூடியைக் கழற்றும் கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

கடைசியில்தான் காற்று ஸ்க்ரூ. இப்போது இருக்கும் நிலையை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். சூடான இன்ஜின், கால் சுற்று மட்டும் உள்ளே. முப்பது விநாடி பொறுங்கள், ஈசியு தன்னைச் சரிசெய்துகொள்ளட்டும். ஒரு தடவை முறுக்கி விட்டு, ஐட்லிங் வந்து அமர்ந்த பின் எண்ணுங்கள். மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகினால் எது எதனால் மாறியது என்றே தெரியாது. முட்டும்வரை இறுக்காதீர்கள், பித்தளை முனையில் வளையம் விழுந்துவிட்டால் அப்புறம் அது எந்த நிலையிலும் ஒழுங்காக மூடாது. சுத்தம் செய்த மோட்டாரில் பழைய பாதையெல்லாம் திறந்துவிட்டதால், போமன் கூட்டியதை நீங்கள் கணிசமாகக் குறைக்க வேண்டியிருக்கும், பயப்படாதீர்கள்.

சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க: நியூட்ரலிலிருந்து ஒன்றாம் கியர் போடுங்கள். "க்ளிக்" என்று மெல்லிய சத்தத்தோடு உட்கார்ந்து, மோட்டார் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மறுநாள் காலை குளிரில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் கூடுதலாக ஓடி, சில நிமிஷத்தில் தானாக இறங்க வேண்டும். அந்தக் கூடுதலைக் கண்டு திரும்பவும் ஸ்க்ரூவுக்குப் போகாதீர்கள், அது ஈசியு வேண்டுமென்றே செய்வது.

இன்று இரவு மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி: ஸ்டாப் ஸ்க்ரூவில் பெயின்ட் இருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது, சூட்டில் மூன்று விநாடிக்கு எத்தனை மேடு. மோட்டார் எந்த மாடல், எந்த வருஷம் என்பதையும் எழுதுங்கள், அதில் ஐஏசிவியா ஸ்க்ரூவா என்று பார்த்துச் சொல்கிறேன்.